சிலுவைக்கு அடியில் பச்சை

மாடல் கிட்டின் பெட்டி மூடியில் ஓவியம் பிரமாதமாக இருந்தது. பனி உருகிச் சேறான தெரு, பாதி இடிந்த செங்கல் சுவர், நடுவில் ஒரு ரஷ்ய டி-34 டாங்கி. பீரங்கியைத் தாங்கிச் சுழலும் டர்ரெட்டின் பக்கவாட்டை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு ஜெர்மன் ராணுவத்தின் கறுப்புச் சிலுவை. பெட்டியைக் கொண்டுவந்த பையன் மெக்கானிக்கல் மூன்றாம் வருடம் படிக்கிறான். டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு.

"சார், இன்னும் பிரிக்கலை. நீங்க பார்த்துட்டுச் சொன்னாத்தான் கவரைக் கிழிப்பேன். கிழிக்காம இருந்தா திருப்பி எடுத்துக்கறேன்னு கடையில சொல்லியிருக்காங்க."

மூடியைத் திறக்கலாம், உள்ளே இருக்கும் பாலிதீன் பைகளைப் பிரிக்கக் கூடாது என்று எங்களுக்குள் ஒப்பந்தம். மூடியை எடுத்து ஸ்டூலில் கவிழ்த்து வைத்தேன். அந்தப் படம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் மதிப்பெண் தானாகக் கூடிவிடும். பந்தல் ஜோடனையைப் பார்த்துவிட்டுச் சாப்பாடு பிரமாதம் என்று சொல்கிற மாதிரி. பிறகு சக்கரங்கள் கோத்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தை, அதாவது ரன்னரை, தேடி எடுத்தேன்.

"டர்ரெட் அடியில இருக்கு சார்."

"இருக்கட்டும் தம்பி. சக்கரம்தான் முதல்ல."

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு டூல் ரூமில் முப்பத்தொரு வருடம் மோல்டு செய்தவன் நான். வாளி மூடி, சுவிட்ச் பெட்டி, டூவீலர் இண்டிகேட்டர் கூடு, மிக்ஸி ஜார் கைப்பிடி. ஓய்வுக்குப் பிறகு, கேட்பவர்களுக்கு மாடல் கட்டிக் கொடுக்கிறேன். வாங்கலாமா வேண்டாமா என்று கிட்டைப் பார்த்துச் சொல்கிறேன். இரண்டாவதற்குக் கூலி ஒரு ஃபில்டர் காபி. ஓவியம் தெரிந்தவர்களும் சரித்திரம் படித்தவர்களும் இந்தப் பொழுதுபோக்குக்கு வருவார்கள். நான் வந்தது மோல்டு வழியாக. பிளாஸ்டிக் துண்டு ஒன்று கைக்கு வந்தால் அதைத் துப்பிய மோல்டுதான் எனக்கு முதலில் தெரியும். உருகிய பிளாஸ்டிக் எந்தப் பக்கம் புகுந்தது, எங்கே ஆறுவதற்குள் அவசரப்பட்டுத் திறந்தார்கள், துண்டை வெளியே தள்ளும் எந்த எஜெக்டர் பின் நீளம் தப்பி நிற்கிறது, எல்லாம் அதன் உடம்பிலேயே எழுதியிருக்கும்.

இந்தப் பெட்டியில் ஒன்பது ரன்னர்கள். எட்டு ஒரே பச்சை. ஒன்பதாவது ஒரு சாயல் வெளுப்பு. எட்டின் ஓரங்களிலும் வெங்காயச் சருகு மாதிரி லேசான ஃப்ளாஷ், இடுக்கில் கசிந்த பிளாஸ்டிக். மோல்டு பல வருடம் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். ஒன்பதாவதின் விளிம்புகள் பிளேடு மாதிரி கூர். ஆக, ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த டி-34 தான் இது. பிடிபட்ட டாங்கி என்று விற்பதற்காக ஒரே ஒரு சின்ன மோல்டு புதிதாக வெட்டியிருக்கிறார்கள். கமாண்டருக்குத் தலைக்கு மேல் வைக்கும் குப்போலா, இருட்டில் ஓட்டுவதற்கான நோடெக் விளக்கு, ஒரு சாமான் பெட்டி, நாலு ஜெர்ரிகேன். கூடவே ஒட்டுப்படங்கள் அச்சிட்ட புது டீகால் தாள்.

இதைப் பித்தலாட்டம் என்று திட்டுகிறவர்கள் உண்டு. எனக்குக் கோபம் வருவதில்லை. 1943-ல் ஜெர்மானியர்கள் செய்ததும் இதைத்தானே. வேறு ஒருவன் செய்த வண்டி, மேலே தங்கள் சாமான் நாலு, பெரிய சிலுவை ஒன்று. படையப்பா படத்தில் மாப்பிள்ளை போட்டிருக்கும் சட்டை தன்னுடையது என்று சொல்லும் அந்தக் காமெடி எனக்கு இந்த மாதிரிப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் ஞாபகம் வரும்.

கார்கோவ் நகரம் அந்தப் போரில் கைமாறிக்கொண்டே இருந்தது. 1941 அக்டோபரில் ஜெர்மானியர் பிடித்தார்கள். 1943 பிப்ரவரியில் சோவியத் படை மீட்டது. ஒரே மாதத்தில், மார்ச் நடுவில், ஜெர்மனியின் எஸ்.எஸ். படைகள் மறுபடி பிடித்தன. அங்கே டிராக்டர் தொழிற்சாலையில் சோவியத்காரர்கள் பழுதுபார்க்கக் கொண்டுவந்து நிறுத்திய டி-34கள் வரிசையாக நின்றன. அந்த எஸ்.எஸ். படைகளில் ஒன்றான 'தாஸ் ரைக்' டிவிஷன் அவற்றைச் சரிசெய்து, தன் சாமான்களைப் பூட்டி, ஒரு பிரிவே அமைத்து ஜூலையில் கூர்ஸ்க் சண்டைக்குக் கொண்டுபோனது. ஜெர்மன் பதிவேட்டில் இந்த வண்டிக்குப் பெயர் 'பன்சர்காம்ப்வாகன் டி-34 747(ஆர்)'. அடைப்புக்குள் இருக்கும் ஆர், ரஷ்யச் சரக்கு என்பதற்கு அடையாளம். பிரான்ஸிலிருந்து பிடித்ததற்கு எஃப். கிடங்குக் கணக்குப்பிள்ளையின் சுத்தம்.

சிலுவை ஏன் அவ்வளவு பெரிது? பயம்தான். தூரத்திலிருந்து பார்க்கும் ஜெர்மன் பீரங்கிக்காரனுக்கு டி-34 என்றால் எதிரி. வர்ணம் பார்க்க அவனுக்கு நேரம் கிடையாது, உருவத்தைப் பார்த்ததும் சுடுவான். அதனால் எங்கெல்லாம் இடம் இருந்ததோ அங்கெல்லாம் சிலுவை போட்டார்கள். விமானம் பார்ப்பதற்காக எஞ்சின் மூடி மேல் கொடியையும் விரித்தார்கள்.

வாங்குகிறவன் கண்ணும் அந்தச் சிலுவையில்தான் போய் விழுகிறது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் விழுந்தேன்.

1990களில் நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து நகலெடுத்துச் சுற்றுக்கு விடும் தாள் ஒன்று வைத்திருந்தோம். அதில் இதே மாதிரி ஒரு கிட்டைப் பற்றி எழுதி, பத்துக்கு ஒன்பது போட்டேன். சிலுவையின் அச்சுச் சுத்தத்தைப் பற்றி மட்டும் ஒரு பத்தி. ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் அதைப் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "ஏம்ப்பா, இது எந்த ஃபேக்டரி வண்டி?"

"ரஷ்யா அண்ணே."

"ரஷ்யாவா! ஊர் பேர் கேட்டா இந்தியான்னு சொல்லுவியா நீ?"

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஆவடியில் அவர் கை வைத்தது டி-72. அஜேயா என்று நாம் பெயர் வைத்தோமே, அது. அதன் பூர்வீகம் உரால் மலைப் பக்கம் நிஷ்னி தாகில் ஊரிலுள்ள தொழிற்சாலை. 1941-ல் ஜெர்மானியர் நெருங்கியபோது, டி-34 பிறந்த கார்கோவின் 183-ஆம் எண் தொழிற்சாலையை மெஷினோடு ஆளோடு ரயிலேற்றிக் கொண்டுபோய் இறக்கிய இடமும் அதுவே. அண்ணனுக்கு டி-34 ஒரு வகையில் மாமனார் வீடு. ஸ்டாலின்கிராட், கார்க்கி, செல்யாபின்ஸ்க், ஸ்வெர்ட்லோவ்ஸ்க், ஓம்ஸ்க் என்று அதைச் செய்த ஊர்களை அவர் விரலை மடக்கிச் சொன்னார். ஒவ்வொரு ஊரிலும் கிடைத்த இரும்புக்கும் கைவசம் இருந்த மெஷினுக்கும் ஏற்றபடி வண்டி மாறும். ஸ்வெர்ட்லோவ்ஸ்கில் பெரிய பிரஸ் இருந்ததால் டர்ரெட்டைத் தகட்டில் அழுத்தியே எடுத்தார்கள். மூலைகள் வழவழவென்று வளைந்திருக்கும். மற்ற பல இடங்களில் அறுகோண டர்ரெட்டை மணலில் வார்த்தார்கள். மேலே இரண்டு வட்ட மூடி. இரண்டையும் திறந்தால் எலிக்காது மாதிரி தெரியும் என்று ஜெர்மானியர் அதற்கு மிக்கி மவுஸ் என்று பெயர் வைத்தார்கள்.

அன்றைக்கு அண்ணன் சொன்னதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று. பிடிபட்ட டாங்கியின் கிட்டில் பிடித்தவனை அப்புறம் பார்க்கலாம். முதலில் பெற்றவன் யார் என்று தெரியவேண்டும். அதைச் சக்கரம் சொல்லும்.

ரப்பருக்குப் பஞ்சம் வந்த வருடங்களில் டி-34க்கு விளிம்பில் ரப்பர் இல்லாத எஃகுச் சக்கரம் போட்டார்கள். ஐந்தும் எஃகானால் வண்டி அதிர்வில் கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. முன்னும் பின்னும் இருப்பவைதான் அதிக அடி வாங்குகின்றன. அதனால் ஒன்றாவதும் ஐந்தாவதும் ரப்பர், நடுவில் மூன்றும் எஃகு என்று ஓட்டினார்கள். 1942, 43 வண்டிகளின் படங்களில் இதை நிறையப் பார்க்கலாம். ஒவ்வொரு சக்கரமும் இரட்டைத் தட்டு. இரண்டு பக்கமும் சேர்த்து நடு மூன்றுக்கு எத்தனை தட்டு வேண்டும்? பன்னிரண்டு.

பைக்கு மேலேயே விரலை வைத்து எண்ணினேன். ரப்பர்ச் சக்கரம் இருபது. எஃகுச் சக்கரம் பன்னிரண்டு.

சும்மா ஒரு செட் கூட வைப்போம் என்று நினைத்தவனாக இருந்தால் இருபது வைத்திருப்பான், அல்லது நாலு வைத்திருப்பான். பன்னிரண்டு வைத்தவனுக்கு விஷயம் தெரியும். அப்போதே எனக்கு மனசு பாதி இளகிவிட்டது. பையனிடம் காட்டிக்கொள்ளவில்லை.

வெர்னியரை எடுத்தேன். நிஜச் சக்கரத்தின் விட்டம் 830 மில்லிமீட்டர். மாடலின் அளவான முப்பத்தைந்தில் ஒரு பங்குக்கு 23.7. பை மேலேயே வைத்ததில் 23.8 காட்டியது, பாலிதீனுக்கு ஒரு கீற்று கழித்தால் சரி. டிராக் அகலம் 500, அதற்கு 14.3 வரவேண்டும், வந்தது. உடம்பின் அகலம் மூன்று மீட்டர், மாடலில் 85.7. அளவு பார்ப்பது இத்தோடு போதும். அரை மில்லி குறைகிறது என்று சண்டை போடுகிறவர்களோடு எனக்குச் சரிப்படாது. இந்த 1/35 என்ற கணக்கே தாமியா கம்பெனி 1960களின் தொடக்கத்தில் மோட்டார் வைத்த பாந்தர் டாங்கியைச் செய்தபோது, உள்ளே பேட்டரி அடங்க வேண்டிய அகலத்துக்காகத் தற்செயலாக வந்து விழுந்தது. பேட்டரி கொடுத்த அளவை நாம் சாஸ்திரமாக்கி வைத்திருக்கிறோம்.

அடுத்தது உடம்பு. இங்கே என் தொழில் புத்தியைக் கொஞ்சம் சொல்லவேண்டும். மோல்டிலிருந்து துண்டு சுலபமாகக் கழன்று வர, செங்குத்துச் சுவர்களுக்கு ஒரு டிகிரியாவது சாய்வு வேண்டும். டிராஃப்ட் என்போம். அந்த ஒரு டிகிரிக்காக நான் டிசைன்காரர்களிடம் எத்தனை வருடம் கெஞ்சியிருக்கிறேன்! செங்குத்துச் சுவர் இருந்தால் அதன் பக்கவாட்டில் போல்ட், கொக்கி, வெல்டிங் கோடு எதுவும் வராது. வரவேண்டுமென்றால் பக்கத்திலிருந்து நகரும் சைடு கோர் வைக்கவேண்டும், காசு. ஜெர்மன் டைகர் டாங்கி பெட்டி மாதிரி நிமிர்ந்து நிற்பதால் அதன் மோல்டுக்காரன் இந்தத் தொல்லையைப் படுகிறான். டி-34க்கோ நெற்றித் தகடு செங்குத்திலிருந்து 60 டிகிரி படுத்திருக்கிறது, மேல்பக்கத் தகடு 40 டிகிரி. குண்டு வழுக்கி ஓடுவதற்காக வைத்த சாய்வு, 45 மில்லி தகட்டைக் கூடுதல் கனமாக வேலை செய்ய வைப்பதற்காக வைத்த சாய்வு, மோல்டுக்காரனுக்கு வரமாக அமைந்துவிட்டது. மேல் உடம்பின் நாலு பக்கத்திலும் வெல்டிங் தடம் உட்பட எல்லாம் ஒரே தட்டில் வந்திருந்தன. பழைய மோல்டுதான், ஆனால் நன்றாக வெட்டியவன் வெட்டிய மோல்டு.

டர்ரெட்டில் ஒரு கோடு ஓடியது. பையன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "பார்ட்டிங் லைன் சார். எமரி போட்டு எடுத்துடலாம்ல?" என்றான்.

எடுக்கக் கூடாது. கார் பம்பரில் எடுப்போம், ஹெல்மெட்டில் எடுப்போம். ஆனால் நிஜ டர்ரெட்டும் இரண்டு பாதி மணல் அச்சைச் சேர்த்து வார்த்ததுதான். அந்த அச்சுகள் சேர்ந்த கோடு அதன் மேலும் தடிப்பாக ஓடும். அதைத் தேய்த்துச் சுத்தம் பண்ண அங்கே யாருக்கும் நேரம் இல்லை. நம் பிளாஸ்டிக் கோடு கிட்டத்தட்ட அதே இடத்தில் விழுந்திருக்கிறது. தேய்த்து அழித்துவிட்டுப் பிறகு புட்டி வைத்துத் திரும்ப வரைகிற ஆட்கள் எனக்குத் தெரியும். தடிப்பை லேசாகக் குறைத்து, மேலே சொரசொரப்பு ஏற்றினால் போதும். டூல் ரூமில் இருந்த காலம் முழுக்கப் பார்ட்டிங் லைன் தெரிந்தால் திட்டு வாங்கியவன், அது தெரியட்டும் என்று சொல்ல இப்படி ஒரு டாங்கி வாய்த்தது.

இனி பிடித்தவன் பக்கம். ஒன்பதாவது ரன்னர்.

டி-34/76ன் பெரிய குறை அதன் டர்ரெட்டில் இரண்டே ஆள் உட்கார முடியும் என்பது. கமாண்டரே குறிபார்த்துச் சுடவும் வேண்டும். ஜெர்மன் டாங்கியில் கமாண்டருக்குப் பார்ப்பது மட்டுமே வேலை. சுற்றிலும் பார்க்க அவன் தலைக்கு மேல் குப்போலா உண்டு. அந்தப் பழக்கத்தில் வந்தவன் டி-34க்குள் இறங்கினால் கண்ணைக் கட்டி விட்ட மாதிரி இருந்திருக்கும். அடிபட்டுக் கிடந்த தங்கள் பன்சர் மூன்று, நான்கு டாங்கிகளிலிருந்து குப்போலாவைக் கழற்றி இதன் மேல் பற்றவைத்தார்கள். குப்போலாவில் ஐந்து பார்வைத் துளைகள் இருக்கவேண்டும். ஐந்தும் இருந்தன, ஒவ்வொன்றிலும் இழுத்து மூடும் கவசத் தகட்டின் விளிம்புகூடத் தெரிந்தது. மூடியின் உள்பக்கம் மட்டும் நட்டநடுவில் எஜெக்டர் பின் தடம், அம்மைத் தழும்பு மாதிரி. மூடியைத் திறந்து வைப்பதாக இருந்தால் புட்டி வைத்து அடைக்கவேண்டும். அந்தப் பின்னை இரண்டு மில்லி தள்ளி வைத்திருக்கலாம். வைத்திருக்கமாட்டார்கள், எனக்குத் தெரியும் அந்த அவசரம்.

டிராக் தனித்தனிக் கண்ணிகளாக இருந்தது. நல்லது. 1996-ல் நான் கட்டி, பத்துக்கு ஒன்பது போட்ட அந்த மாடலில் வளையும் வினைல் டிராக். கண்ணாடி அலமாரியில் வைத்தேன். இரண்டு சென்னைக் கோடை போனபிறகு தூசு தட்ட எடுத்தால், டிராக் தொட்ட இடமெல்லாம் சக்கரம் வெல்லப்பாகு மாதிரி இளகி ஒட்டியிருந்தது. வினைலை வளையவைக்கச் சேர்க்கும் எண்ணெய் கசிந்து பாலிஸ்டைரீனைத் தின்றுவிடும். பிளாஸ்டிக்கில் முப்பது வருடம் புழங்குகிறவனுக்கு இது தெரியாமலா? தெரியும். டிராக்கைத் தொட்டுப் பார்க்கவே இல்லையே அன்றைக்கு. கம்பெனி பெயர் வேண்டாம், பாதித் தப்பு என்னுடையது.

டீகால் தாள் கடைசியில். மூன்று விதமாக வண்டியை முடிக்கலாம் என்று கையேட்டில் படம் போட்டிருந்தது. ஒன்று கார்கோவ், மஞ்சள் பூச்சு. இன்னொன்று பச்சையை அப்படியே விட்டு மேலே சிலுவை மட்டும். மூன்றாவது, வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த பனிக்கால வண்டி. 'டிசம்பர் 1941, மாஸ்கோ அருகே'.

"இதுக்குத்தான் சார் வாங்கினேன்" என்று பையன் விரலை வைத்தது அந்த மூன்றாவதில்.

எப்படிச் சொல்வது? அறுகோண டர்ரெட் 1942-ல்தான் வந்தது. 1941 டிசம்பரில் ஜெர்மானியர் பிடித்திருக்கக்கூடிய டி-34க்குக் குறுகலான பழைய டர்ரெட், மேலே ஒரே பெரிய மூடி. படத்தில் இருக்கும் வண்டி அந்த டிசம்பரில் பிறக்கவே இல்லை. எட்டு ரன்னரை அவ்வளவு கவனமாகச் செய்த கம்பெனி, டீகால் தாளை வேறு யாரிடமோ கொடுத்து வாங்கியிருக்கவேண்டும்.

சொன்னேன். முகம் சுண்டிப்போயிற்று. "அப்ப வேஸ்ட்டா சார்?"

"வெள்ளை அடிக்கணும், அவ்வளவுதானே? அடுத்த வருஷமும் ரஷ்யாவுல பனி பெஞ்சுது. தேதியை மட்டும் 42 கடைசி, 43 தொடக்கம்னு வச்சுக்கோ."

தாளின் மூலையில் எஞ்சின் மூடிக்கான கொடி. அதில் ஸ்வஸ்திக் சின்னம் இரண்டு துண்டாக உடைத்து அச்சிட்டிருந்தது. ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களுக்குச் சட்டத் தடை இருப்பதால் பல கம்பெனிகள் இப்படித் துண்டாகக் கொடுத்துவிடுகின்றன; சேர்ப்பது கட்டுகிறவன் பாடு. என் அம்மா இருந்தபோது ஒருமுறை இதைப் பார்த்துவிட்டு, "கணக்கு நோட்டுல போடுறதை எதுக்குடா டாங்கியில போடுற?" என்று கேட்டாள். அது வேறம்மா என்று ஆரம்பித்து, எதுவரை சொல்வது என்று தெரியாமல் பாதியில் நிறுத்தினேன். அதற்குப் பிறகு நான் கட்டிய எதிலும் அந்தக் கொடியை விரித்ததில்லை. கட்டக் கொடுக்கிறவர்கள் கேட்டால், எஞ்சின் சூடு தணியச் சுருட்டி வைத்துவிட்டார்கள் என்று சொல்லிவிடுவேன்.

பிடித்த டாங்கியைத் தனதாக்கிக்கொள்வது ஜெர்மனியோடு நிற்கவில்லை. பிடித்த பன்சர் மூன்றின் உடம்பில் தங்கள் 76 மில்லி பீரங்கியை ஏற்றி சோவியத்காரர்கள் எஸ்யூ-76ஐ என்று இருநூறு வண்டி செய்தார்கள். நெதர்லாந்தின் ஓவர்லூனில் கிடைத்த பாந்தரை பிரிட்டிஷ் படை 'குக்கூ' என்று பெயர் வைத்து ஓட்டியது. நம் பக்கம் 1965-ல் அசல் உத்தரில் பிடித்த பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகளைக் கண்டோன்மென்ட் வாசல்களில் நிறுத்தி வைத்திருக்கிறோம். ஓட்டவில்லை, வர்ணம் மட்டும் அடிக்கிறோம்.

பையனுக்குக் கடைசியாகச் சொன்னது வர்ணத்தைப் பற்றி. ஜெர்மன் டாங்கி கட்டிப் பழகியவர்கள் மஞ்சள் பூச்சைச் சுரண்டி, அடியில் செங்காவி பிரைமரைக் காட்டுவார்கள். இந்த வண்டிக்கு அது பொருந்தாது. ஜெர்மானியர் தங்கள் மஞ்சளை அடித்தது சோவியத்தின் 4பிஓ பச்சை மேல். ஆட்கள் காலை வைத்து ஏறும் இடம், மூடியின் விளிம்பு, கருவிப்பெட்டி உரசும் இடம் எல்லாவற்றிலும் மஞ்சளோ சுண்ணாம்போ உரிந்தால் முதலில் எட்டிப் பார்ப்பது பச்சையாகத்தான் இருக்கும். சிலுவைக்கு அடியிலும் பச்சை. எஸ்டோனியாவில் குர்ட்னா மதஸ்யார்வ் ஏரிச் சேற்றிலிருந்து 2000-ல் புல்டோசர் வைத்து ஒரு டி-34ஐ இழுத்து எடுத்தார்கள். 1944-ல் பின்வாங்கியபோது ஜெர்மானியர் ஏரிக்குள் இறக்கிவிட்டுப் போனது. ஐம்பத்தாறு வருடம் கழித்து வெளியே வந்தபோதும் அதன் மேல் ஜெர்மன் அடையாளம் இருந்தது. உள்ளே கார்கோவ்காரர்கள் உருவாக்கிய டீசல் எஞ்சின். அதைச் சுத்தம் பண்ணி மறுபடி ஓட வைத்தார்கள்.

"எவ்வளவு மார்க் சார்?"

"ஏழரை. டீகாலுக்கு ஒண்ணரை, அந்த மூடித் தழும்புக்கு ஒண்ணு குறைச்சிருக்கேன். கவரைக் கிழிச்சுக்கோ."

நாலு மாதம் கழித்து, செமஸ்டர் முடிந்து கட்டி முடித்துக் கொண்டுவந்தான். பழைய செருப்புப் பெட்டியில் பஞ்சுக்கு நடுவே வைத்திருந்தான். கையில் எடுத்து முதலில் தலைகீழாகத் திருப்பினேன். ஒன்றும் ஐந்தும் ரப்பர், நடுவில் மூன்றும் எஃகு. டர்ரெட்டின் கோட்டைத் தேய்க்கவில்லை. சுண்ணாம்பு வெள்ளை ஏறும் இடங்களில் உரிந்து பச்சை தெரிந்தது, பச்சை கொஞ்சம் அதிகம்தான். சிலுவையின் இடது கை மட்டும் லேசாகக் கீழே இறங்கியிருந்தது.

"டீகால் நழுவிடுச்சா?"

"இல்ல சார். பிரஷ்ல போட்டேன். பனியில நின்னுக்கிட்டுப் போட்டவன் ஸ்கேல் வச்சா போட்டிருப்பான்?"

கொஞ்ச நேரம் அந்த இறங்கிய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, மிச்சமான டீகால் தாளை என்ன செய்தாய் என்று கேட்டேன். பெட்டியின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். மழைக்காலம் ஆரம்பமாகிவிட்டது, வெளியில் கிடந்தால் பசை இளகி மேல்தாளோடு ஒட்டிக்கொள்ளும். எவர்சில்வர் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு போட்டு மூடி வைத்தேன்.